பெட்போர்டுச் சிறையின் திறவுகோல்

நான் கல்லூரியில் பயின்ற நாட்களில் எங்கள் தமிழாசிரியர், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்திலிருந்து சில பகுதிகளை எங்களுக்கு நடத்துவார். கம்பனை நினைவூட்டும் அந்த விருத்தங்கள் அவர் நாவில் இனிமையாகப் பெருகும். ஒருநாள் பாடத்தின் நடுவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இந்தக் கதை முதன்முதலில் எங்கே பிறந்தது, சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். எங்களில் ஒருவன் திருநெல்வேலி என்றான். மற்றொருவன் இலண்டன் மாநகர் என்றான். ஆசிரியர் புன்முறுவல் பூத்து, “சிறைச்சாலையில் பிறந்தது, அதுவும் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்து வயிறு வளர்த்த ஓர் ஏழைத் தொழிலாளியின் உள்ளத்தில் பிறந்தது” என்றார். எங்களுக்கு வியப்புத் தாங்கவில்லை. அந்தத் தொழிலாளியின் வரலாற்றைப் பின்னர் நான் தேடிப் படித்தேன். துன்பம் சூழ்ந்தபோது கிறிஸ்தவ சமயப் பற்று ஒரு மனிதனுக்கு எவ்வாறு ஆறுதலும் துணிவும் தந்தது என்பதை அவ்வரலாறு எனக்குக் காட்டியது. அதனையே இன்று மாணவ மாணவியராகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜான் பன்யன். 1628ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பித்தளைக் கலங்களையும் செம்புக் கலங்களையும் பழுது பார்ப்பது அவர் தந்தையின் தொழில். மகனும் அத்தொழிலையே கற்றார். எழுதப் படிக்கச் சிறிது கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 1644ஆம் ஆண்டின் கோடையில் அவர் தாய் இறந்தார். அடுத்த திங்களே தங்கை இறந்தாள். சில வாரங்களுக்குள் தந்தை மறுமணம் செய்துகொண்டார். அப்பொழுது பன்யனுக்குப் பதினாறு வயதும் நிரம்பவில்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டிலேயே பன்யன் பாராளுமன்றப் படையில் போர்வீரராகச் சேர்ந்தார். ஒருமுறை ஒரு கோட்டை முற்றுகைக்கு அவர் செல்லவேண்டியிருந்தது. புறப்படும் வேளையில் வேறொரு வீரன் தானே செல்வதாகக் கேட்டுக்கொண்டு அவருக்குப் பதிலாகச் சென்றான்; அங்கே தலையில் குண்டு பாய்ந்து மாண்டான். தமக்கு வரவேண்டிய சாவைப் பிறனொருவன் ஏற்றுக்கொண்ட அந்நிகழ்ச்சியைப் பன்யன் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

போர் முடிந்தபின் ஊர் திரும்பி மணம் செய்துகொண்டார். மணமக்கள் இருவரும் ஏழைகள். ஒரு தட்டும் ஒரு கரண்டியுங்கூட இல்லாத நிலையில் இல்லறம் தொடங்கியதாக அவரே எழுதியுள்ளார். மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே. அவ்விரு நூல்களையும் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தனர். 1650ஆம் ஆண்டில் அவர்களுக்கு மேரி என்னும் பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைக்குக் கண்பார்வை இல்லை.

இதன் பின்னர்ப் பல ஆண்டுகள் பன்யனின் உள்ளத்தில் ஒரு பெரும் போராட்டம் நிகழ்ந்தது. தாம் மன்னிப்புக்கு அப்பாற்பட்ட பாவி என்னும் அச்சம் அவரைப் பகலும் இரவும் வாட்டியது. ஒருநாள் பெட்போர்டுத் தெருவொன்றில் தொழில் நிமித்தமாகச் சென்றார். அங்கே சில ஏழைப் பெண்கள் ஒரு வீட்டு வாயிலில் இளவெயிலில் அமர்ந்து, கடவுள் தங்கள் உள்ளத்தில் செய்த மாறுதல்களைப் பற்றி உரையாடிக் கொண்டிருந்தனர். பழகிய சமயச் சொற்களை அவர்கள் மனப்பாடமாக ஒப்புவிக்கவில்லை. பட்டறிந்த மகிழ்ச்சியைப் பேசினர். தமக்கு எட்டாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருப்பதைப் பன்யன் உணர்ந்தார். அப்பெண்கள் வாயிலாகவே அவர்களுடைய சிறு திருச்சபையோடும் அதன் போதகராகிய ஜான் கிப்போர்டோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. நாளடைவில் அவர் உள்ளம் தெளிந்தது. பின்னர் ஊரூராகச் சென்று எளிய மக்களுக்கு எளிய சொற்களில் பிரசங்கம் செய்யலானார். பகலில் பாத்திரம் அடைப்பவரின் பேச்சைக் கேட்கக் களஞ்சியங்களிலும் தோப்புகளிலும் மக்கள் கூடினர்.

1658ஆம் ஆண்டில் மனைவி இறந்தார். கண்ணில்லாத மேரியோடு நான்கு குழந்தைகள் தாயை இழந்தன. அடுத்த ஆண்டில் எலிசபெத் என்னும் இளம்பெண்ணைப் பன்யன் மணந்தார். அந்நான்கு குழந்தைகளுக்கும் எலிசபெத் தாயானார்.

நண்பர்களே, இங்கே நாட்டு வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1649இல் மன்னர் சார்லஸ் தூக்குமேடையில் அன்று, வெட்டுமேடையில் தலை துணிக்கப்பட்டார். அதன்பின் ஆலிவர் கிராம்வெல்லின் ஆட்சியில் பன்யன் போன்ற தனிச்சபையார் ஓரளவு உரிமையோடு வழிபட்டனர். கிராம்வெல் இறந்தபின் நிலை மாறிற்று. 1660இல் மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அரசின் திருச்சபைக்குப் புறம்பாகக் கூடும் கூட்டங்களைப் புதிய ஆட்சியாளர் ஐயத்தோடு நோக்கினர். மன்னரைக் கொன்ற கிளர்ச்சி இத்தகைய கூட்டங்களில்தான் முளைத்தது என்பது அவர்கள் எண்ணம். எலிசபெத் அரசியார் காலத்தில், 1593இல் இயற்றப்பட்ட பழைய சட்டமொன்று கையில் எடுக்கப்பட்டது.

1660 நவம்பர் 12ஆம் நாள், பெட்போர்டுக்குத் தெற்கே உள்ள ஒரு பண்ணை வீட்டில் பன்யன் பேசுவதாக ஏற்பாடாகியிருந்தது. அவரைப் பிடிக்க ஆணை பிறந்துள்ளது என்னும் செய்தி கூட்டம் தொடங்குமுன்னரே எட்டிற்று. வீட்டுக்காரர் நடுங்கினார், கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றார். பன்யன் தனியே வயலில் உலவிச் சிந்தித்தார். “துணிவாக நில்லுங்கள் என்று பிறருக்குப் போதித்த நான் இன்று ஓடினால், புதிதாக நம்பிக்கை கொண்ட எளியவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்பதே அவர் எண்ணத்தின் சாரம். திரும்பி வந்தார், கூட்டத்தைத் தொடங்கினார், காவலர் வந்து அவரைப் பிடித்துச் சென்றனர்.

நீதிபதி விங்கேட் என்பவர் முன்னிலையில் அவரை நிறுத்தினர். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று வாக்குறுதி அளித்தால் பிணையில் விடலாம் என்றனர். பன்யன் அவ்வாக்குறுதியை அளிக்க மறுத்தார். சிறைக்கதவு அடைபட்டது. இந்த வாக்குறுதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுவே அவர் வரலாற்றின் நடுநாயகம்.

1661 சனவரியில் வழக்கு நடந்தது. மூன்று திங்கள் சிறை. அதற்குள் பணியாவிடின் நாடு கடத்தல். அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு என்பது தீர்ப்பு. இன்று விடுதலை செய்தால் கடவுளின் துணையால் நாளையே மீண்டும் பிரசங்கம் செய்வேன் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். மூன்று திங்கள் கழிந்தபின் பால் காப் என்னும் நீதிமன்ற அலுவலர் சிறைக்கு வந்து நயமாகப் பேசிப் பார்த்தார். பன்யனும் பணிவாகவே பேசினார். சட்டத்துக்குக் கீழ்ப்படிய இரண்டு வழிகள் உண்டு. மனச்சான்று இடந்தரும்போது அதன்படி நடப்பது ஒன்று. இடந்தராதபோது அதற்குரிய தண்டனையை அமைதியாக ஏற்பது மற்றொன்று என்பது அவர் விளக்கம். அவர் நாடு கடத்தப்படவில்லை, விடுதலையும் பெறவில்லை. மூன்று திங்கள் என்ற சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

அவர் மனைவி எலிசபெத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவர் சிறைப்பட்ட வேளையில் அவர் கருவுற்றிருந்தார். செய்தி கேட்ட அதிர்ச்சியால் காலத்துக்கு முன்னரே பேறுகால நோவு கண்டது. எட்டு நாள் துன்பத்துக்குப் பின் பிறந்த குழந்தை இறந்தது. ஆயினும் அப்பெண்மணி சோர்ந்து கிடக்கவில்லை. இலண்டனுக்குச் சென்று பிரபுக்கள் சபையில் மனுக் கொடுத்தார். 1661 ஆகஸ்டுத் திங்களில் அரச நீதிபதிகள் பெட்போர்டுக்கு வந்தபோது, அவர்கள் தங்கிய ‘ஸ்வான்’ விடுதியின் மேலறைக்கே சென்றார். பிரபுக்களும் நீதிபதிகளும் நிறைந்திருந்த அவ்வறையில் நாணத்தோடும் நடுங்கும் நெஞ்சோடும் நின்று தம் வழக்கை எடுத்துரைத்தார். தமக்குச் சிறு குழந்தைகள் நால்வர் உண்டென்றும், அவர்களுள் ஒருத்தி கண்ணிழந்தவளென்றும், நல்லோர் ஈகையன்றி வாழ வேறு வழியில்லையென்றும் கூறினார். ட்விஸ்டன் என்னும் நீதிபதி சினந்து, உன் கணவன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டார். பேச நாவிருக்கும்வரை அவர் அதனை விடத் துணியார் என்பதே எலிசபெத்தின் விடை. மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி மட்டும் இரங்கினார். சட்டத்தில் எஞ்சியிருந்த வழிகளை எடுத்துச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. எலிசபெத் அழுதுகொண்டே வெளியேறினார். தமக்கு அவர்கள் இரங்காமையை எண்ணி அழுததைவிட, இறுதி நாளில் கடவுள் முன் அவர்கள் என்ன கணக்குச் சொல்வார்களோ என்று எண்ணியே மிகுதியாக அழுததாக அவர் பின்னர்க் கூறினார்.

இனிச் சிறையினுள் நுழைவோம். சமய வீரர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அவர்கள் அச்சம் அறியாதவர்கள் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். பன்யன் அவ்வாறு எண்ண நமக்கு இடந்தரவில்லை. சிறையிலிருந்தே எழுதி 1666இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், தம் அச்சங்களையெல்லாம் மறைக்காமல் எழுதி வைத்தார். மனைவி மக்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து தசையைப் பிய்த்தெடுப்பது போலிருந்தது என்கிறார். எல்லாரினும் அந்தக் கண்ணில்லாத குழந்தையே அவர் நெஞ்சில் நின்றது. அவள் மீது காற்றுப் படுவதையும் பொறுக்காத தம் உள்ளம், அவள் பசித்திருப்பாள், குளிரில் வாடுவாள், பிறரிடம் இரந்து நிற்பாள் என்பதை எவ்வாறு பொறுக்கும் என்று ஏங்குகிறார். தம் வீட்டைத் தம் மனைவி மக்களின் தலைமேலேயே இடித்துத் தள்ளுகிறவனாகத் தம்மை எண்ணி அவர் வருந்தியதும் உண்டு.

மற்றோர் அச்சமும் அவரை வாட்டியது. தூக்குமரத்தின் ஏணியில் ஏறும்போது தம் முகம் வெளிறிவிடுமோ, கால்கள் நடுங்குமோ, அதைக் கண்டு பகைவர் கடவுளை இகழ்வரோ என்று அஞ்சினார். மெய்யாகவே தூக்குத் தண்டனை வரும் என்று அவர் நம்பியிருந்த நாட்கள் அவை. அவ்வேளையில் சமய நூல்களும் அவருக்குச் சுவைக்கவில்லை. உள்ளம் இருண்டு கிடந்தது.

இத்தகைய நிலையில் அவருக்கு ஆறுதல் எங்கிருந்து வந்தது? அவர் கையில் வேதாகமம் இருந்தது. முற்காலத்தில் நம்பிக்கைக்காக உயிர்விட்டோரின் வரலாறுகளைத் தொகுத்து ஜான் பாக்ஸ் என்பார் எழுதிய பெருநூலும் இருந்தது. திக்கற்ற பிள்ளைகளைத் தாமே காப்பதாகவும், விதவைகள் தம்மை நம்பலாமென்றும் எரேமியா என்னும் தீர்க்கதரிசியின் நூலில் கடவுள் கூறும் ஓரிடம் உண்டு. பன்யன் அதனை முன்பும் படித்திருப்பார். சிறையிலோ அது தம் மனைவிக்கும் மேரிக்கும் நேரே அனுப்பப்பட்ட ஓலையாகத் தோன்றிற்று. உடன்படிக்கைப் பெட்டி ஏற்றிய வண்டியை இழுத்துச் சென்ற இரண்டு கறவைப் பசுக்களின் கதையும் அவருக்கு நினைவு வந்தது. கன்றுகளைக் கொட்டிலில் விட்டுவிட்டுக் கதறிக்கொண்டே சென்றன அப்பசுக்கள். ஆனால் வழியை விட்டு விலகவில்லை. பாருங்கள், கதறாத பசுக்களை அவர் தமக்கு உவமை தேடவில்லை. கதறினாலும் வழி விலகாதவற்றையே தேடினார்.

தூக்குமரத்தைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு முடிவு பிறந்தது. கடவுள் தமக்கு அவ்வேளையில் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும், தாம் அவரைப் பற்றிக்கொள்வது கடமை என்று துணிந்தார். ஏணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நித்தியத்துக்குள் குதித்துவிடுவேன். மூழ்கினாலும் சரி, மிதந்தாலும் சரி என்னும் உறுதி அவருள் எழுந்தது. கூலி கருதிச் செய்யும் ஊழியம் அன்று தம்முடையது என்று அறிந்தபோதுதான் அவர் மனம் அமைதியுற்றது. ஆறுதல் வந்தபின் துணிவு பிறக்கும் என்றே நாம் பொதுவாக எண்ணுவோம். பன்யனுக்கோ ஆறுதலை எதிர்பாராமல் துணிந்த பின்னரே முழு ஆறுதலும் வந்தது. சிறையில் இருந்த காலத்தைப் போல வேதாகமத்தின் பொருள் தமக்கு விளங்கிய காலம் வேறில்லை என்றும் எழுதுகிறார்.

அவ்வாறு உறுதி பெற்றவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பாத்திரம் அடைக்கும் தொழிலைச் சிறையில் செய்ய இயலாது. ஆதலால் ஆடைகளுக்கும் காலணிகளுக்கும் உரிய கயிறுகளுக்கு நுனியில் உலோகப் பூண் இடும் வேலையைக் கற்றுக்கொண்டார். நூற்றுக்கணக்கான கட்டுகளாக அவற்றைச் செய்து விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். தம்மைப்போலச் சமயக் காரணத்தால் சிறைப்பட்டவர்களுக்கு அங்கேயே பிரசங்கம் செய்தார். பல நூல்களை எழுதினார். திக்கற்றோரைக் கடவுள் காப்பார் என்று நம்பியவர், தம் கைகளாலும் காத்தார். நம்பிக்கையும் உழைப்பும் அவரிடம் முரண்படவில்லை.

எனினும் மாணவர்களே, அவர் நம்பிக்கை அவருடைய துன்பத்தை நீக்கிவிட்டது என்று நான் சொன்னால் அது வரலாறு ஆகாது. கதவு திறக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தன. அவர் நெஞ்சில் நின்ற மேரி தந்தைக்கு முன்னரே இறந்துபோனாள். பன்னிரண்டு ஆண்டுகளில் எந்நாளிலும், இனிப் பேசமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். ஆதலால் அவருடைய துன்பம் ஒரேநாளில் ஏற்றுக்கொண்டு முடிந்த துன்பம் அன்று. ஒவ்வொரு காலையிலும் புதிதாக ஏற்கவேண்டியிருந்த துன்பம்.

1672ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் சார்லஸ் சமயத் தண்டனைச் சட்டங்களை நிறுத்திவைத்து அறிக்கை வெளியிட்டார். பன்யன் விடுதலை பெற்றார். பெட்போர்டுச் சபையின் போதகரானார். மறு ஆண்டே அவ்வறிக்கை திரும்பப் பெறப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் மீண்டும் ஏறத்தாழ ஆறு திங்கள் சிறையிருந்தார். பின்னர் 1678ஆம் ஆண்டில் ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ என்னும் நூல் இலண்டனில் வெளிவந்தது. ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழர் அறிந்திருப்பது இந்நூலையே. உலகமாகிய காட்டில் நடந்து வந்தவன் ஒரு குகையில் படுத்துறங்கிக் கனவு காண்பதாக நூல் தொடங்குகிறது. குகை என்ற சொல்லுக்கு நேராக, பக்கத்தின் ஓரத்தில், ‘சிறை’ என்று பன்யன் காலத்துப் பதிப்பிலேயே குறிப்பு அச்சிடப்பட்டது.

முதுகில் பெருஞ்சுமையோடு ஒருவன் அழிவின் நகரத்திலிருந்து விண்ணக நகரத்துக்கு நடந்து செல்வதே கதை. அதில் ஒரு பகுதியை மட்டும் கூறுகிறேன். அவனும் அவன் தோழனும் வழிதப்பிப் போய், அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் அகப்படுகின்றனர். அரக்கன் அவர்களை ஐயக்கோட்டையின் இருட்டறையில் அடைத்து, உணவும் நீருமின்றி வாட்டித் தடியால் புடைக்கிறான். வாழ்வில் இனி உங்களுக்கு ஒன்றுமில்லை என்று உயிரை வெறுக்கப் பேசுகிறான். புதன்கிழமை காலையில் அடைபட்டவர்கள் சனிக்கிழமை இரவுவரை கிடக்கின்றனர். தோழனோ, இதற்கு முன்பும் இடர்களைக் கடந்தோமல்லவா, இன்னும் சிறிது பொறுப்போம் என்று மீண்டும் மீண்டும் தேற்றுகிறான். ஞாயிறு விடியுமுன் யாத்திரிகனுக்குத் திடீரென ஒன்று நினைவு வருகிறது. அவன் மார்புச் சட்டைக்குள்ளேயே ஒரு திறவுகோல் இருக்கிறது. அதன் பெயர் ‘வாக்குறுதி’. அதனால் கோட்டையின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

இங்கேதான் நான் உங்களை நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சொல் மீண்டும் வருகிறது. பெட்போர்டுச் சிறைக்கு ஒரு திறவுகோல் இருந்தது; அதுவும் வாக்குறுதியே. ஆனால் அது பன்யன் நீதிபதிகளுக்குக் கொடுக்கவேண்டிய வாக்குறுதி. அதைக் கொடுத்திருந்தால் இரும்புக் கதவு திறந்திருக்கும். உள்ளத்தின் கதவோ அடைபட்டிருக்கும். அவர் பற்றிக்கொண்டது கடவுள் தமக்குக் கொடுத்ததாக நம்பிய வாக்குறுதி. அது இரும்புக் கதவைத் திறக்கவில்லை. அவநம்பிக்கையின் கதவைத் திறந்தது. முதலாவது திறவுகோலைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடாமல் இருப்பதற்கு வேண்டிய வலிமையை இரண்டாவது திறவுகோலே அவருக்குத் தந்தது. சமய நம்பிக்கை தரும் ஆறுதல் எத்தகையது என்று யாரேனும் என்னைக் கேட்டால், இந்த இரண்டு திறவுகோல்களைத்தான் நான் காட்டுவேன்.

அவர் பெற்ற ஆறுதல் அவரோடு நின்றுவிடவில்லை. அந்நூல் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மடகாஸ்கர் தீவில் 1835ஆம் ஆண்டில் அரசி ரனவலோனா கிறிஸ்தவ சமயத்தைத் தடை செய்து, அதனைத் தழுவியோரைக் கொடுமைப்படுத்தினார். அக்காலத்தில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இந்நூலின் மலகாசி மொழிபெயர்ப்பைக் கைப்பட எழுதி மறைவாகப் படித்துவந்தனர். ஒரு சிறையில் எரிந்த விளக்கிலிருந்து கடல் கடந்து வேறொரு விளக்கு ஏற்றப்பட்டது.

தமிழ்நாட்டிலும் அவ்விளக்கு ஏறியது. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கம்பராமாயணத்தில் தோய்ந்த தமிழ்ப் புலவர். 1858இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். பன்யனின் கதையைத் தமிழ்க் காப்பிய மரபுக்கேற்பப் பருவங்களாகவும் படலங்களாகவும் வகுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் பாடி, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என வெளியிட்டார். பாத்திரம் அடைத்தவரின் எளிய ஆங்கில உரைநடை, நெல்லைப் புலவரின் கையில் விருத்தமாக மலர்ந்தது. சமயம், மொழி, நாடு என்னும் எல்லைகளைத் துன்பம் மட்டும் கடப்பதில்லை, ஆறுதலும் கடக்கிறது.

பன்யனின் இறுதி நாட்களைச் சொல்லி முடிக்கிறேன். 1688ஆம் ஆண்டில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு ஏற்பட்டது. அவர்களை ஒன்றுசேர்க்கும் பொருட்டு அறுபது வயதை நெருங்கிய பன்யன் குதிரையேறி ரெடிங் நகருக்குச் சென்றார். தந்தையின் சினம் தணிந்தது. அங்கிருந்து இலண்டனுக்குத் திரும்பும் வழியில் பெருமழையில் நனைந்தார், காய்ச்சல் கண்டது, ஆகஸ்டு 31ஆம் நாள் நண்பர் ஒருவர் வீட்டில் உயிர் நீத்தார். இலண்டனில் பன்ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தம் மக்களைப் பிரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஏங்கியவர், பிறர் வீட்டுப் பிரிவைத் தீர்க்கும் முயற்சியில் உயிர் விட்டார்.

மாணவ நண்பர்களே, உங்கள் வாழ்விலும் இருள் சூழும் நாட்கள் வரலாம். தேர்வில் தோல்வி வரலாம்; வீட்டில் நோயும் வறுமையும் வரலாம்; அன்புடையோரின் மறைவும் வரலாம். நம் வள்ளுவரும் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தாரே தவிர, இடுக்கண் வாராமை என்று வகுக்கவில்லை. நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், பன்யன் கற்ற பாடம் உங்களுக்கும் உரியதே. அச்சம் தோன்றினால் நாணவேண்டுவதில்லை. அவரும் அஞ்சினார், அழுதார், அதை எழுதியும் வைத்தார். தனியே வாடவும் வேண்டுவதில்லை. அவர் கதையில் யாத்திரிகனுக்கு ஒரு தோழன் இருந்தான், வாழ்க்கையில் அவருக்கு ஓர் எலிசபெத் இருந்தார். கைகளுக்கு ஒரு வேலையும், நெஞ்சுக்கு ஒரு பற்றுக்கோடும் இருந்தால் நீண்ட இரவையும் கடக்கலாம்.

அன்று எங்கள் தமிழாசிரியர் மூடிய புத்தகத்தை மீண்டும் திறந்து பாடத்தைத் தொடர்ந்தார். அதே விருத்தங்கள்தாம், ஆனால் அவற்றின் அடியில் கயிற்று நுனிக்குப் பூண் இடும் ஒரு மனிதனின் கைகளை அன்றுமுதல் நான் காணத் தொடங்கினேன். நீங்களும் அந்நூலைக் கையில் எடுக்கும்போது அக்கைகளைக் காண்பீர்களாக.